வியன்னா முதல் மயிலாப்பூர் வரை: குடியிருக்கச் சிறந்த இடம் எது? மயிலாப்பூர், தி.நகர், அடையாறுக்கு மவுசு குறையாதது ஏன்?

"உலகத்துலயே வாழ்றதுக்கு நல்ல ஊர் எது?" இந்தக் கேள்விக்கு ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வெளியாகிறது. 2022, 2023, 2024 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஆஸ்திரியாவின் வியன்னா முதலிடம் பிடித்தது. 2025இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் அந்த இடத்துக்கு வந்தது.

அதே கேள்வியை சென்னையில் வீடு தேடி அலையும் ஒருவரிடம் கேட்டால் பதில் இப்படித்தான் வரும்: "மயிலாப்பூர்ல கிடைச்சா ரொம்ப நல்லது. இல்லன்னா அடையாறு. தி.நகர் பக்கம்னாலும் ஓகே. ஆனா நம்ம பட்ஜெட்டுக்கு எங்க கிடைக்கப் போகுது?"

நெரிசல், வெள்ளம், தண்ணீர்ப் பிரச்னை, பார்க்கிங் தகராறு என்று எல்லாம் இருந்தும் இந்த மூன்று ஏரியாக்களை விட்டு மக்கள் மனசு நகர மறுப்பது ஏன்? இங்கே வாழும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கைநழுவுகிறது? விரிவாகப் பார்க்கலாம்.

உலகப் பட்டியல்கள் எதை அளக்கின்றன?

அதிகம் பேசப்படும் பட்டியல், 'எகனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட்' என்ற நிறுவனம் வெளியிடும் உலக வாழ்தகு நகரங்கள் குறியீடு. 173 நகரங்களை ஐந்து தலைப்புகளில் இது மதிப்பிடுகிறது. நகரத்தின் அமைதி, நிலைத்தன்மைக்கு 25 சதவீதம், பண்பாடு, சுற்றுச்சூழலுக்கு 25, மருத்துவத்துக்கு 20, சாலை, குடிநீர், போக்குவரத்து போன்ற கட்டமைப்புக்கு 20, கல்விக்கு 10.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. வீட்டு வாடகையும் விலைவாசியும் இந்தக் கணக்கில் இல்லை. ஊழியர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் நிறுவனங்கள், "இந்த ஊருக்குப் போறவருக்கு சிரமப் படி எவ்வளவு தரணும்?" என்று முடிவு செய்யவும் இந்தக் குறியீட்டைப் பயன்படுத்துகின்றன. அதாவது, கம்பெனி செலவில் போய் இறங்கும் ஒருவரின் பார்வை இதில் அதிகம். சொந்தச் சம்பளத்தில் வாடகை கட்டுபவரின் கவலை இதில் தெரியாது.

சென்னைக்கு 144ஆவது இடமா, 4ஆவது இடமா?

இரண்டுமே சரிதான். 2023ஆம் ஆண்டின் அந்த உலகப் பட்டியலில் சென்னைக்கு 144ஆவது இடம். ஆனால் மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2021 மார்ச்சில் வெளியிட்ட 'எளிதாக வாழ்தல் குறியீடு 2020' பட்டியலில், 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட இந்திய நகரங்களில் சென்னை நான்காவது. பெங்களூரு, புனே, ஆமதாபாத் மட்டுமே அதற்கு முன்னால் இருந்தன.

உள்நாட்டுப் பட்டியலில் வாழ்க்கைத் தரத்துக்கு 35 சதவீதம், நகரத்தின் நீடித்த தன்மைக்கு 20, பொருளாதாரத் திறனுக்கு 15. மீதமுள்ள 30 சதவீதம், "உங்க ஊர் உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று குடியிருப்பவர்களிடமே கேட்டுப் போடப்பட்ட மதிப்பெண்.

ஆனால் இரண்டு பட்டியலுமே நகரத்தை ஒரே துண்டாகத்தான் பார்க்கின்றன. 2011இல் எல்லை விரிவான பிறகு சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். மணலியில் வாழ்வதும் மந்தைவெளியில் வாழ்வதும் ஒன்றல்ல என்பது சென்னைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். வீடு தேடுபவர் நகரத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை, ஏரியாவைத்தான் தேர்ந்தெடுக்கிறார். அதனால் மூன்று ஏரியாக்களையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

மயிலாப்பூர்: கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர்

சென்னை என்ற நகரம் உருவாவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மயிலை ஒரு ஊர். 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய பூம்பாவைத் திருப்பதிகம், இங்கு நடந்த திருவிழாக்களை வரிசையாகச் சொல்கிறது. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் சாந்தோமில் குடியேறினர். 'காட்டுக் கோயில்' என்று மக்கள் அழைக்கும் லஸ் தேவாலயம் 1516ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

இப்போதுள்ள கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி மாட வீதிகள். அந்த வீதிகளை ஒட்டிக் காய்கறிக் கடை, பூக்கடை, பாத்திரக் கடை, மருந்துக் கடை, மெஸ், நகைக்கடை, புத்தகக் கடை. கொஞ்ச தூரத்தில் தண்ணீர்த்துறை மார்க்கெட். பங்குனிப் பெருவிழாவில் அறுபத்து மூவர் வீதியுலா நடக்கும் நாளில் இந்த வீதிகளில் கால் வைக்க இடம் இருக்காது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உயர் நீதிமன்ற வழக்கறிஞர்கள் லஸ் பகுதியில் பெரிய தோட்ட பங்களாக்கள் கட்டிக் குடியேறினர். படித்தவர்கள் வாழும் இடம் என்ற பெயர் அப்போதே ஒட்டிக்கொண்டது. பின்னாளில் அந்தத் தோட்டங்கள் தெருக்களாகவும், தெருக்கள் ஃபிளாட்டுகளாகவும் மாறின. விவேகானந்தா கல்லூரி 1946இல் வந்தது. கடற்கரையை ஒட்டி ராணி மேரி கல்லூரி 1914 முதல் இருக்கிறது. 1929இல் தொடங்கிய ரசிக ரஞ்சனி சபா உள்பட பல சபாக்கள் இங்கேதான். இசைக்காக யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் வலையமைப்பில் சென்னை 2017இல் சேர்க்கப்பட்டதற்குப் பின்னால் இருக்கும் மார்கழிக் கச்சேரிகளில் பெரும்பங்கு மயிலாப்பூருக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் உண்டு.

தி.நகர்: ஏரியில் எழுந்த நகர்

மயிலாப்பூர் தானாக வளர்ந்த ஊர் என்றால், தியாகராய நகர் திட்டம் போட்டுக் கட்டிய ஊர். நுங்கம்பாக்கத்தில் இருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியின் ஒரு பகுதியை வடியவிட்டு, 1923 முதல் 1925 வரையிலான காலத்தில் இந்தக் குடியிருப்பு உருவாக்கப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. லேக் மட்டும் இல்லை.

நகருக்கு நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயர் வைக்கப்பட்டது. நடுவில் உள்ள பூங்காவுக்கு சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த பனகல் அரசரின் பெயர். உஸ்மான் சாலை, டாக்டர் நாயர் சாலை, நடேசன் பூங்கா என்று அக்காலப் பிரமுகர்களின் பெயர்களைத் தெருத்தெருவாகப் பார்க்கலாம். எல்லோரும் பாண்டி பஜார் என்று சொல்லும் இடத்தின் பெயர் சவுந்தரபாண்டியனார் அங்காடி.

வீடுகளுக்காகப் போட்ட நகர், காலப்போக்கில் தமிழ்நாட்டின் ஜவுளி, நகைச் சந்தையாக மாறிவிட்டது. ரங்கநாதன் தெருவில் தீபாவளி நேரத்தில் கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டு போகும். கூட்டத்தைச் சமாளிக்க 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. 2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் சுமார் 570 மீட்டர் நீள ஆகாய நடைபாலம் வந்தது.

"இவ்ளோ கூட்டத்துல எப்படித்தான் குடியிருக்காங்க?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். குடியிருப்பவர்களின் பதில் வேறு. மெயின் ரோட்டை விட்டு இரண்டு தெரு உள்ளே போனால் சத்தம் அடங்கிவிடும். ரயில், பஸ் இரண்டும் நடந்துபோகும் தூரம். வெளியூரில் இருந்து யார் கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்தாலும் தங்குவது இவர்கள் வீட்டில்தான்!

அடையாறு: மரமும் ஆறும் கடலும்

அடையாறின் ஈர்ப்பு பசுமை. பிரம்மஞான சபை 1882இல் தன் தலைமையகத்தை இங்கே கொண்டுவந்தது. 250 ஏக்கருக்கும் மேற்பட்ட அதன் தோட்டமும் அங்குள்ள பெரிய ஆலமரமும் புகழ்பெற்றவை. 1959இல் தொடங்கிய ஐ.ஐ.டி. வளாகம், அதை ஒட்டி சுமார் 270 ஹெக்டேர் கிண்டி தேசியப் பூங்கா, அடையாறு முகத்துவாரம், அதன் கரையில் 58 ஏக்கரில் மீட்டெடுக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா, பெசன்ட் நகர் கடற்கரை என ஒரே பகுதியில் இத்தனையும் அமைந்திருப்பது நகரத்தின் வேறு பக்கங்களில் இல்லை. ஆண்டுதோறும் கடலாமைகள் முட்டையிட வரும் கடற்கரையும் இதுதான்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, இந்தப் பெயரைத் தமிழ்நாட்டின் கிராமங்கள் வரை கொண்டுசேர்த்தது. ருக்மிணி தேவி 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்ரா பிறந்ததும் அடையாறில்தான்; பின்னர் அது திருவான்மியூருக்கு இடம்பெயர்ந்தது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். சாஸ்திரி நகர், இந்திரா நகர், பெசன்ட் நகர் போன்ற இடங்களில் தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் மனைகளும் வீடுகளும் ஒதுக்கியது. எல்.ஐ.ஜி., எம்.ஐ.ஜி., எச்.ஐ.ஜி. என வருமானத்துக்கு ஏற்ற அளவுகள். இன்று கோடிகளில் பேசப்படும் இந்த ஏரியாவில் பலர் அன்று அரசு ஊழியராகவோ, வங்கி குமாஸ்தாவாகவோ, ஆசிரியராகவோ இருந்து தவணை கட்டி வீடு வாங்கியவர்கள்.

மூன்றுக்கும் பொதுவானது என்ன?

கோயில், கடை, கடற்கரை என மூன்றின் முகமும் வேறு. ஆனால் மூன்றிலும் ஒன்று பொது: தினசரித் தேவைகள் எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன.

இதற்கு இப்போது உலகம் ஒரு பெயர் வைத்திருக்கிறது: '15 நிமிட நகரம்'. பாரீஸில் உள்ள சோர்போன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்லோஸ் மொரேனோ 2016இல் முன்வைத்த யோசனை இது. பள்ளி, கடை, மருத்துவர், பூங்கா, வேலை என எல்லாமே வீட்டில் இருந்து 15 நிமிட நடை அல்லது சைக்கிள் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். 2020 மேயர் தேர்தலில் ஆன் இதால்கோ இதையே பாரீஸின் இலக்காக அறிவித்தார். மாட வீதிக்காரர்களுக்கு இது புதுசே இல்லை.

இந்த வசதியின் மதிப்பு யாருக்கு அதிகம் தெரியும்? வயதானவர்களுக்கு. பிள்ளைகள் நியூ ஜெர்சியிலோ சிட்னியிலோ இருக்க, அப்பாவும் அம்மாவும் மட்டும் மயிலாப்பூர் ஃபிளாட்டில் இருப்பது இந்தப் பகுதிகளில் சகஜம். பிள்ளைகள் கூப்பிட்டுப் போனாலும் ஆறு மாதத்தில் திரும்பி வந்துவிடுவார்கள். அமெரிக்கப் புறநகரில் பால் வாங்கக்கூட யாராவது காரில் கூட்டிப் போக வேண்டும். இங்கே காலையில் காபி பவுடர் தீர்ந்துபோனால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினால் போதும். யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்.

கார் ஓட்டாத பெண்கள், தனியாக டியூஷன் போகும் பிள்ளைகள், வீட்டு வேலைக்கு வருபவர்கள், எல்லோருக்கும் இதே கணக்குதான். ஏரியாவுக்குக் கொடுக்கும் கூடுதல் வாடகை, உண்மையில் நேரத்துக்கும் சுதந்திரத்துக்கும் கொடுக்கும் விலை.

விலை ஏறிக்கொண்டே போவது ஏன்?

காரணம் எளிது. கேட்பவர்கள் அதிகம், நிலம் அதே அளவு. கிழக்கே கடல், நடுவே ஆறு, மற்ற பக்கங்களில் ஏற்கெனவே நிரம்பிய குடியிருப்புகள். புதிதாக மனை பிரிக்க இடமே இல்லை.

அதனால் புது வீடு வர வேண்டும் என்றால் பழைய வீட்டை இடித்துத்தான் வர வேண்டும். இங்கே இரண்டு விதிகள் முக்கியம்.

முதலாவது, தளப்பரப்புக் குறியீடு. அதாவது, நிலத்தின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டடம் கட்டலாம் என்ற அளவு. உயரமில்லாத சாதாரணக் குடியிருப்புகளுக்கு 1.5 ஆக இருந்த இது, 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் 2 ஆக வந்தது. உதாரணத்துக்கு, 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டில் முன்பு 3,600 சதுர அடி வரை என்றால், இப்போது 4,800 சதுர அடி வரை. அந்தக் கூடுதல் 1,200 சதுர அடிதான் பில்டர்களைப் பழைய ஃபிளாட்டுகளைத் தேடி வரவைக்கிறது.

இரண்டாவது, தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022. முன்பெல்லாம் மறுகட்டுமானத்துக்கு ஒரே ஒரு உரிமையாளர் "நான் சம்மதிக்க மாட்டேன்" என்றாலும் எல்லாம் நின்றுவிடும். 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் போதும்.

இதனால் லிஃப்ட் இல்லாத, கம்பி துருப்பிடித்த பழைய கட்டடங்களில் மாட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு வழி பிறந்திருக்கிறது. இன்னொரு பக்கம், நான்கு குடும்பம் இருந்த இடத்தில் எட்டுக் குடும்பம் வரும்போது தெருவின் அகலமும் சாக்கடைக் குழாயின் அளவும் பழையபடியே இருக்கின்றன. கட்டடம் இடிபடும்போது அதில் குறைந்த வாடகைக்கு இருந்தவர்கள் அதே தெருவுக்குத் திரும்பி வருவது அரிது.

மழை பெய்தால் என்ன ஆகும்?

எல்லோரும் விரும்பும் இந்த ஏரியாக்கள் தண்ணீரின் பாதையிலும் இருக்கின்றன. ஏரியில் எழுந்த தி.நகருக்குத் தண்ணீர் அவ்வப்போது திரும்பி வருகிறது. 2021 நவம்பர் மழையில் ஜி.என்.செட்டி சாலை உள்பட தி.நகரின் பல இடங்களில் தண்ணீர் தேங்கியது. மாம்பலம் கால்வாயின் நிலை அப்போது பெரிய சர்ச்சையானது. அதன்பிறகு ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் வெள்ளத் தடுப்புக்கு அரசு குழு அமைத்தது. மழைநீர் வடிகால் பணிகள் வேகமெடுத்தன. ஆனாலும் கனமழை என்றால் மேற்கு மாம்பலத்தையும் தி.நகரையும் இணைக்கும் துரைசாமி சுரங்கப்பாதையைப் பற்றித்தான் முதலில் விசாரிப்பார்கள்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. ஏற்கெனவே பெருமழையில் நிரம்பி ஓடிய அடையாறு கரை உடைத்து, சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் பகுதிகளைத் தாக்கியது. 2004 டிசம்பர் 26 சுனாமி, பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம் போன்ற கடலோரக் குடியிருப்புகளைத் தாக்கியது.

மழை இல்லாவிட்டாலும் பிரச்னைதான். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. அப்போது மயிலாப்பூர், தி.நகர் ஃபிளாட்டுகளிலும் தண்ணி லாரிக்காகக் காத்திருந்தார்கள். நல்ல ஏரியா என்பதால் குழாயில் தண்ணீர் வந்துவிடாது.

யாருக்கு வீடு கிடைக்கிறது?

காசு இருந்தால் மட்டும் போதாது என்பதும் இந்த ஏரியாக்களின் நிஜம். 'சைவம் சாப்பிடுபவர்களுக்கு மட்டும்', 'குடும்பத்தினருக்கு மட்டும்' என்ற நிபந்தனைகள் டூ-லெட் விளம்பரங்களில் வெளிப்படையாகவே வரும். போனில் பெயரைக் கேட்டதும், "இப்பதான் சார் வேற ஒருத்தருக்குக் கொடுத்தோம்" என்று வைத்துவிடுவது சொல்லப்படாத நிபந்தனை. சாதி, மதம், உணவு, தனியாக வாழும் பெண் என ஏதோ ஒரு காரணத்துக்காக வீடு மறுக்கப்படுவது தொடர்கதை.

இன்னொரு கூட்டம், தலைமுறைகளாக இங்கேயே வாழ்ந்தும் வெளியேற்றப்படுபவர்கள். ஆற்றங்கரையிலும் பக்கிங்காம் கால்வாய்க் கரையிலும் குடிசை போட்டிருந்த குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்டன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு இது வேகமெடுத்தது. மயிலாப்பூரில் இருந்து பெரும்பாக்கம் சுமார் 20 கிலோமீட்டர். கையில் கான்கிரீட் வீடு வந்தது. ஆனால் நடந்துபோய் செய்த வீட்டு வேலை, பூ வியாபாரம், மீன் விற்பனை, பிள்ளையின் பள்ளி எல்லாம் இங்கேயே நின்றுவிட்டன.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது, எதிர்ப்புத் தெரிவித்து அங்கு வசித்த ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். அதைத் தொடர்ந்து, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளிலேயே வீடு தரப்படும் என்று முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார். அந்த மக்கள் கேட்டதும், வெளிநாட்டில் இருந்து திரும்பி வரும் ரிட்டயர்டு அதிகாரி கேட்பதும் ஒன்றுதான்: வேலையும் கடையும் மருத்துவமனையும் பக்கத்தில் இருக்கும் ஒரு வீடு.

வியன்னா மட்டும் எப்படி?

தி.நகர் உருவான அதே 1920களில்தான் வியன்னா மாநகராட்சி தொழிலாளர்களுக்காகப் பெரிய அளவில் வீடு கட்ட ஆரம்பித்தது. 1930இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்ற குடியிருப்பு இன்றும் மக்கள் வசிக்கும் இடம். இப்போது அந்த மாநகராட்சிக்குச் சொந்தமாகச் சுமார் 2.2 லட்சம் வீடுகள் இருக்கின்றன. நகர மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் மாநகராட்சி வீடுகளிலோ மானியத்துடன் கட்டிய வீடுகளிலோ குறைந்த வாடகையில் வாழ்கிறார்கள். டிரைவரும் டாக்டரும் ஒரே தெருவில் குடியிருக்க முடிகிறது.

சென்னையும் வீடு கட்டாமல் இல்லை. 1940களில் தொடங்கிய நகர மேம்பாட்டு அறக்கட்டளையின் நினைவுதான் சி.ஐ.டி. நகர் என்ற பெயர். 1961இல் வீட்டுவசதி வாரியம், 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தன. வித்தியாசம் எங்கே என்றால், வியன்னா வீட்டைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு வாடகைக்கு விட்டது. அடையாறு போன்ற இடங்களில் மனையும் வீடும் பெரும்பாலும் விற்கப்பட்டன. வாங்கிய தலைமுறை பிழைத்துக்கொண்டது. அதே வேலையில் இருக்கும் இன்றைய குமாஸ்தாவுக்கும் ஆசிரியருக்கும் சந்தை விலை மட்டுமே மிச்சம்.

மெட்ரோ வந்தால் மாறுமா?

பக்கிங்காம் கால்வாய் மீது கட்டிய பறக்கும் ரயில் 1997இல் மயிலாப்பூர் வரையும், 2004இல் திருவான்மியூர் வரையும், 2007இல் வேளச்சேரி வரையும் வந்தது. அடுத்து மெட்ரோ. மொத்தம் 118.9 கிலோமீட்டர் நீள இரண்டாம் கட்டத்துக்கு 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மதிப்பீடு 63,246 கோடி ரூபாய்.

மாதவரத்தில் இருந்து சிப்காட் செல்லும் பாதை மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு வழியாகப் போகிறது. கலங்கரை விளக்கத்தில் இருந்து பூந்தமல்லி செல்லும் பாதை மயிலாப்பூர், பனகல் பூங்கா வழியாகப் போகிறது. இரண்டும் சந்திக்கும் திருமயிலை, நகரின் மிக ஆழமான சுரங்க நிலையங்களில் ஒன்று.

இது இரு பக்கமும் வெட்டும் கத்தி. நிலையத்துக்குப் பக்கத்தில் நிலத்தின் விலையும் வாடகையும் ஏறும் என்ற எதிர்பார்ப்பு ஒரு பக்கம். மறுபக்கம், பூந்தமல்லியில் குடியிருந்துகொண்டே ஒரே ரயிலில் மயிலாப்பூர் வர முடியும். பள்ளி, மருத்துவமனை, பூங்கா போன்றவை புறநகரிலும் நடக்கும் தூரத்தில் அமைந்தால், எல்லோரும் இந்த மூன்று இடங்களையே முற்றுகையிட வேண்டிய தேவை குறையும்.

வீடு தேடுகிறீர்களா? இதையெல்லாம் கவனிங்க

* வாடகை ஒப்பந்தம்: 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவு இல்லாவிட்டால் நாளைக்குத் தகராறு வரும்போது கையில் ஆதாரம் இருக்காது.

* அட்வான்ஸ்: ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். "இங்கெல்லாம் பத்து மாசம்தான் வழக்கம்" என்று சொன்னால், கையெழுத்துப் போடும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

* கரண்ட், தண்ணீர்: வாடகைப் பிரச்னைக்காக ஹவுஸ் ஓனர் இவற்றைத் துண்டிக்கச் சட்டம் இடம் தரவில்லை.

* வெள்ளம்: 2015, 2021, 2023 மழையில் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று புரோக்கரிடம் கேட்காதீர்கள். தெருமுனை அயர்ன் கடைக்காரரிடமும் வாட்ச்மேனிடமும் கேளுங்கள்.

* தண்ணீர்: மெட்ரோ வாட்டர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, போர் தண்ணீரில் உப்பு இருக்கிறதா, கோடையில் மாதம் எத்தனை லாரி, சம்ப் எவ்வளவு பெரிது என்பதை விசாரியுங்கள். மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அது பெயரளவுக்கு இருக்கிறதா என்று நேரில் பாருங்கள்.

* பழைய ஃபிளாட் வாங்கினால்: கட்டடத்தின் அழகைவிட 'யு.டி.எஸ்.' எனப்படும் பிரிக்கப்படாத நிலப் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். நாளைக்கு இடித்துக் கட்டும்போது பேரம் அதை வைத்துத்தான். வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி வரைபடம் இரண்டையும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

* பக்கத்து ஏரியா: மேற்கு மாம்பலம், மந்தைவெளி, திருவான்மியூர், சைதாப்பேட்டை போன்ற இடங்களையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள். விளம்பரத்தில் 'அடையாறுக்கு மிக அருகில்' என்று போட்டிருந்தால், காலை 9 மணிக்கு ஒரு தடவை அந்த ரோட்டில் போய்வந்த பிறகு முடிவெடுங்கள்.

சுருக்கமாக...

உலகப் பட்டியலில் முதலிடம் பிடிக்கும் நகரங்களில் மக்களுக்குப் பிடிப்பதும், மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் நம்மவர்களுக்குப் பிடிப்பதும் பெரிதாக வேறுபடவில்லை. நடக்கும் தூரத்தில் வாழ்க்கை, பக்கத்தில் ஒரு பூங்கா, நம்பிப் போக ஒரு மருத்துவமனை, தெரிந்த முகங்கள். இந்த மூன்று இடங்களையும் பொது நிலமும் அரசின் திட்டமும் பொது நிறுவனங்களும் சேர்ந்துதான் உருவாக்கின. ஆசைப்படும் எல்லோருக்கும் இங்கே இடம் இல்லை என்பது உண்மை. அதே வசதிகளை வேளச்சேரிக்கும் மாதவரத்துக்கும் பெரும்பாக்கத்துக்கும் எப்போது கொண்டுபோகப் போகிறோம் என்பதில்தான் சென்னையின் அடுத்த ரேங்க் இருக்கிறது.